கை கொடுக்காத ஐயா

பீரோ தூக்குகிற வேலையில் இரண்டு பேருக்கும் பாரம் ஒன்றுதான். ஆனால் கண் ஒருவனுக்குத்தான். மாடிப்படியில் சாமான் இறங்கும்போது ஒருவன் பின்பக்கமாக நடந்து இறங்க வேண்டும். முகத்துக்கு நேரே பீரோ நிற்கும். முதுகுக்குப் பின்னால் படி இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, யாராவது செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. மேலே நின்று பார்த்து வருகிறவன் சொல்வதுதான் அவனுக்குப் பார்வை. பத்தொன்பது வருடம் நான் பின்பக்கமாக நடந்தவன். அண்ணன் சொல்லிக்கொண்டு வந்தவர்.

"மெதுவா... இன்னும் ரெண்டு படி... இடது பக்கம் கதவு நிலை, கையை உள்ள வாங்கு... மெதுவா."

அதனால் கம்பெனியில் அவருக்கு 'மெதுவா' என்றே பெயர் விழுந்துவிட்டது. காலையில் மேஸ்திரி ஆள் கூப்பிடும்போது "மெதுவா வந்தாச்சா?" என்று கேட்பார். அவரோ எல்லோருக்கும் முன்னால் வந்து லாரிக்குப் பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருப்பார். எனக்கு அவர் கூடப்பிறந்தவர் இல்லை. ஆனால் கூடப்பிறந்தவனோடு யாரும் ஒரே பீரோவுக்கு இரண்டு பக்கமும் பத்தொன்பது வருடம் நிற்பதில்லை.

அவர் டிவிக்குப் போனது ஒரு மழை நாளில்.

ஒரு பழைய பங்களாவுக்குச் சோபா, கட்டில், கண்ணாடி மேசை எல்லாம் கொண்டுபோய் இறக்கினோம். தொடர் எடுக்கிற இடம் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டுக் காலி செய்கிற காட்சி. நாலு துணை நடிகர்கள் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். டைரக்டர் திரும்பத் திரும்பக் கத்தினார். மழை நிற்கட்டும் என்று நாங்கள் ஓரமாக நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

டைரக்டர் திரும்பினார். "யாருய்யா அது? என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார்."

"சொல்லுய்யா, நானும் சிரிக்கிறேன். காலையிலேருந்து நான் சிரிக்கவே இல்ல."

"அந்தப் பெட்டியில ஒண்ணும் இல்லன்னு தெருமுனையில நிக்கிறவனுக்குக்கூடத் தெரியும் சார். தலகாணி தூக்கிட்டுப் போற மாதிரி போறாங்க."

"உள்ள செங்கல் போட்டா நாலு தடவைக்கு மேல தூக்க மாட்டாங்கய்யா. நீ வந்து தூக்கு பார்ப்போம்."

அண்ணன் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். புதுச் சாமானை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். எந்தப் பக்கம் கனம் என்று தெரிந்த பிறகுதான் கை வைப்போம். முட்டியை மடித்தார், முதுகை மடிக்கவில்லை. அடியில் விரல் விட்டு ஒரு மூலையை மட்டும் கொஞ்சம் கிளப்பி, திரும்ப வைத்துவிட்டு, இடம் மாற்றிப் பிடித்தார். எழுந்தபோது மூச்சு நின்றிருந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. கட்டைவிரலால் படியைத் தடவித் தடவி இறங்கினார். பாதிப் படியில் நின்று, தொடையில் பெட்டியை ஏற்றி, பிடியை மாற்றிக்கொண்டார்.

விளக்குப் பிடிக்கிற ஆள் ஒருவர் கீழே நின்றிருந்தார். தன்னையறியாமல் ஓடிவந்து பெட்டியின் அடியில் கை கொடுத்தார். கொடுத்த வேகத்தில் பெட்டி பறந்துபோய் மேலே விட்டத்தில் முட்டிக் கீழே விழுந்தது. காலிப்பெட்டி.

விளக்குக்காரர் பெட்டியையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் டைரக்டர் சிரித்தார்.

"பேரு என்னய்யா?"

"மெதுவான்னு கூப்பிடுவாங்க சார்."

"மெதுவா இல்ல, நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடு."

அப்படிப் போனவர்தான். முதலில் பெட்டி தூக்குகிற வேஷம். பிறகு வாட்ச்மேன், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரன், ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுகிற மாமா. மாதத்தில் இரண்டு நாள், மூன்று நாள். மற்ற நாளெல்லாம் என்னோடு படியில்தான். இப்படியே மூன்று வருடம் ஓடியது. அதற்குள் அவருடைய இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இன்னும் இரண்டு வருடம் தூக்கினால் மூன்றாம் வருடம் உன்னைத்தான் தூக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் ஒரே வாரத்தில் இரண்டு கதவு திறந்தது.

ஒன்று, கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவர் ஓய்வு பெறுகிறார். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. எந்த லாரி எங்கே போகிறது, யார் எந்தச் சாமானுக்கு என்று சொல்லி அனுப்பினால் போதும். ஒரு டம்ளர்கூடத் தூக்க வேண்டாம். அந்த நாற்காலிக்கு அண்ணன் எட்டு வருடம் காத்திருந்தார். மேஸ்திரி கூப்பிட்டு, "உனக்குத்தான்டா. ஆனா வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சரின்னு சொல்லிடணும். வெள்ளிக்கிழமை காலையில அந்த நாற்காலியில ஆள் இருக்கணும்" என்றார்.

இன்னொன்று, அதே டைரக்டர் புதுத் தொடர் எடுக்கிறார். பெரிய வீட்டு ஐயா வேஷம். தினமும் எட்டு மணிக்கு வருகிற தொடரில் தினமும் வருகிற ஆள். மாதம் இருபது நாள் வேலை; நாற்காலியையும் அதையும் சேர்த்துப் பார்க்க முடியாது. ஆனால் வேஷம் இன்னும் உறுதியாகவில்லை. வியாழக்கிழமை ஒரு காட்சி எடுத்துப் பார்ப்பார்கள். சேனலிலிருந்து ஒரு அம்மா வருவார். அவர் தலையாட்டினால்தான்.

வியாழக்கிழமை காலையில் நான் அவர் வீட்டுக்குப் போனபோது மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. அண்ணி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர். கையெல்லாம் சோப்பில் வெளிறியிருக்கும். முட்டையை உடைத்துக் கடாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணியின் அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். மூச்சிழுப்பு நோய்க்காரர், கட்டிலை விட்டு அதிகம் இறங்க மாட்டார். கட்டிலுக்கு நேரே டிவி. காலை பத்து மணித் தொடரிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை ஒன்று விடாமல் பார்ப்பார்.

"வா தம்பி, நீயே சொல்லு" என்றார் பெரியம்மா. "கையில இருக்கிற நாற்காலியை விட்டுட்டு இந்த மனுஷன் மேக்கப் போடப் போறாராம்."

"அம்மா, நீ சும்மா இரு" என்றார் அண்ணி.

"நான் ஏன்டி சும்மா இருக்கணும்? பதினாலு வருஷமா தொடர் பார்க்கிறேன். பணக்கார அப்பாவா வர்றவனுக்குன்னு ஒரு முகம் உண்டு. வெயில் படாத முகம். மாப்பிள்ளை முகம் தார் ரோடு மாதிரி இருக்கு."

அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டே, "பவுடர் போடுவாங்க அத்தை" என்றார்.

"ரோட்டுக்குப் பவுடர் போட்டா புழுதின்னுதான் சொல்லுவாங்க. கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. வாட்ச்மேனா வந்தீங்க, பார்த்தேன். என் மாப்பிள்ளை கேட்டைத் திறக்கிறாருன்னுதான் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரியில அழுதீங்க. என் மாப்பிள்ளை ஏன் அழுவுறாருன்னுதான் யோசிச்சேன். ஒரு தடவையாவது வேற ஆளுன்னு தோணணுமா இல்லையா? தோணவே இல்லையே!"

அண்ணி முட்டையைத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தார். "சாப்பிடுங்க. இன்னைக்கு எனக்கு அரை நாள்தான். மதியம் சோறு எடுத்துட்டு அங்கயே வர்றேன். ஆறு மணிக்கு இன்னும் பத்து மணி நேரம் இருக்கு."

"என்னடி நீயும் ஆமா போடுற?"

"ரெண்டு வருஷம் கழிச்சு அவரைத் தூக்கப் போறவ நான்தானேம்மா? நான்தான் சொல்லுவேன்."

பெரியம்மா டிவியைப் போட்டுக்கொண்டு சத்தத்தைக் கூட்டினார்.

அன்றைய காட்சிக்கு எங்கள் லாரியையே பேசியிருந்தார்கள். நிஜ ஆள், நிஜ சாமான் வேண்டுமென்று டைரக்டர் கேட்டாராம். நானும் லாரி டிரைவரும் தூக்குகிறவர்கள். கதை இதுதான்: பெரிய வீட்டு ஐயாவின் மனைவி இறந்துபோய் ஒரு மாதம். மூத்த மகன் தனிக்குடித்தனம் போகிறவன், அம்மாவின் அலமாரி எனக்குத்தான் என்று ஆளை அனுப்பிவிடுகிறான். இரண்டு பேர் அந்த மர அலமாரியைப் படியிறக்கி, ஐயாவைத் தாண்டி, வாசல் வழியே கொண்டுபோகிறார்கள். ஐயா கூடத்தில் நிலைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வசனம் கிடையாது.

"ஒரு டம்ளர் தண்ணியைக்கூடத் தானா எடுத்துக் குடிக்காத மனுஷன்" என்று டைரக்டர் விளக்கினார். "சாமானைத் தொட்டதே கிடையாது. இன்னைக்கும் தொட மாட்டார். நிப்பார். அவ்வளவுதான்."

"நிக்கிறதுதானே சார்" என்றார் அண்ணன்.

வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, தலையில் நரை அடித்துவிட்டிருந்தார்கள். நல்லாத்தான் இருந்தார். முதல் தடவை நாங்கள் அலமாரியோடு படியிறங்கினோம். அவரைத் தாண்டுகிற நேரத்தில் அவருடைய வலது கை தானாக வந்து அலமாரியின் அடி மூலையைத் தாங்கிக்கொண்டது.

"கட்! ஐயா தொடக்கூடாதுய்யா!"

"மன்னிச்சிடுங்க சார். கை போயிடுச்சு."

இரண்டாம் தடவை கை போகவில்லை, வாய் போனது. நிலையை நெருங்கியதும் அடித்தொண்டையில் "மெதுவா" என்றார். ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மூன்றாம் தடவை பேசவில்லை. ஆனால் நாங்கள் வருவதைப் பார்த்ததும் முதுகைச் சுவரோடு ஒட்டி, வயிற்றை உள்ளே இழுத்து வழிவிட்டார். எங்கள் வேலையில் அதைவிட அழகாக யாரும் வழிவிட முடியாது. சேனல் அம்மா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"தன் வீட்டுல யாராவது ஒதுங்கி நிப்பாங்களா?"

அதற்கப்புறம் இரண்டு தடவை. கை, வாய், கால் மூன்றையும் கட்டிவைத்துக்கொண்டார். கண்ணைக் கட்ட முடியவில்லை. அலமாரியின் அகலத்தைப் பார்க்கிறார், நிலையின் அகலத்தைப் பார்க்கிறார், என் கையைப் பார்க்கிறார். மனைவியின் அலமாரி போகிறதே என்று பார்க்கிற பார்வை அதில் எங்கே இருக்கிறது? வெயில் ஏறிவிட்டது. நிஜ அலமாரி, தேக்கு; எனக்கும் டிரைவருக்கும் தோள் கழன்றுவிட்டது.

சேனல் அம்மா எழுந்துவந்து டைரக்டரிடம் பேசினார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. "நல்லா பண்றவர்தான். ஆனா சாமான் தூக்குறவராவேதான் நிக்கிறார். எனக்கு வீட்டு முதலாளி வேணும்." மேக்கப் வண்டியில் இன்னொரு நடிகர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். சால்வை போட்டவர், வெயில் படாத முகம். பெரியம்மா சொன்ன முகம் அதுதான்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவை" என்றார் டைரக்டர். "அதோட முடிச்சுக்குவோம்."

லாரியின் பின்கதவை இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்தோம். அண்ணி டிபன் பாக்ஸைத் திறந்தார். சோறு, உருளைக்கிழங்கு, ஆளுக்கொரு முட்டை. அண்ணன் வேஷச் சட்டையில் கறை படக்கூடாதென்று துண்டை மார்பில் விரித்துக்கொண்டு, சாப்பிடாமல் போனைக் கையில் வைத்திருந்தார்.

"யாருக்கு?" என்றார் அண்ணி.

"மேஸ்திரிக்கு. மணி ரெண்டுதான். இப்பவே சரின்னு சொல்லிட்டா நாற்காலியாவது தங்கும்."

"இன்னும் ஒரு தடவை இருக்குல்ல?"

"அஞ்சு தடவை நின்னாச்சு. எனக்கு நிக்கத் தெரியல. தூக்கத்தான் தெரியும். உங்கம்மா சொன்னது சரிதான்."

"எங்கம்மா சொன்னா வேதமா? அவங்க வில்லன் செத்தா அழறவங்க." அண்ணி முட்டையை இரண்டாக்கி அவர் பக்கம் தள்ளினார். "நிக்கத் தெரியாதா உங்களுக்கு? போன வீட்டைக் காலி பண்ணினோமே, அன்னைக்கு என்ன பண்ணினீங்க?"

அண்ணன் நிமிர்ந்தார்.

அது நாலு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அந்த வாரம்தான் முதன்முதலாக அவருக்கு இடுப்புப் பிடித்திருந்தது. டாக்டர் பெல்ட் கட்டிவிட்டு, ஒரு தலையணைகூடத் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். தெருவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அவரை உட்காரவைத்துவிட்டு, அண்ணியும் நானும்தான் எல்லாவற்றையும் இறக்கினோம்.

"இந்தத் தம்பி பின்னால போறான், நான் மேல பிடிச்சிருக்கேன். எனக்கு என்ன தெரியும்? கடைசிப் படியில விழுந்தேன். முட்டி கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. நீங்க அசையல. தெருவே பார்க்குது, என் புருஷன் ஸ்டூல்ல உக்காந்து பார்த்துக்கிட்டிருக்கார். கண்ணாடி மட்டும்தான் இல்ல, மத்தபடி ஜமீன்தார்தான். எனக்கு வந்த கோவத்துக்கு அந்த பீரோவையே உங்க தலையில போட்டிருப்பேன்."

"எழுந்திருக்க முடியலடி."

"அது உங்களுக்குத் தெரியும். பார்த்த எனக்குத் தெரியுமா? ராத்திரி பெல்ட்டைக் கழட்டும்போதுதான் பார்த்தேன். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு நசுக்கி நசுக்கி, விரலெல்லாம் நீலமா இருந்துச்சு." அண்ணி பாக்ஸை அவர் பக்கம் நகர்த்தினார். "அன்னைக்கு எத்தனை தடவை எடுத்தாங்க உங்களை? ஒரே தடவைதானே? சரியாத்தானே நின்னீங்க?"

அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முட்டையைச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்த்து, "அலமாரியில எந்தப் பக்கம் கனம்?" என்று கேட்டார்.

"உங்களுக்கெதுக்கு அது?" என்றேன். "நீங்க முதலாளி."

"ஆமா" என்றார். "எனக்கெதுக்கு?"

ஆறாவது தடவை. மேலே டிரைவர், கீழே பின்பக்கமாக நான். படியிறங்கினோம். கூடத்துக்கு வந்தோம். நிலைக்கு நாலடி இருக்கும்போது அவரைத் தாண்டினேன். ஓரக்கண்ணில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். முன்னாலிருந்து கேமராவுக்கு அது அதிகாரமாகத் தெரிந்திருக்கும். பக்கவாட்டில் போன எனக்கு மட்டும்தான் தெரிந்தது, ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை முறிக்கிற மாதிரி பிடித்திருந்தது.

நான் செய்த தப்பை வேறு எவனும் செய்திருக்க மாட்டான். மேலே பிடித்திருந்தது டிரைவர், சொல்ல வேண்டியது அவர். ஆனால் என் காது பத்தொன்பது வருடமாக ஒரே குரலுக்குப் பழகியது. நிலை வந்தால் 'கையை உள்ள வாங்கு' என்று அவர் சொல்வார், நான் வாங்குவேன். காலையில் ஐந்து தடவையும் அவருடைய கையோ கண்ணோ எனக்கு அதைச் சொல்லிவிட்டது. இந்தத் தடவை அவர் பக்கமிருந்து ஒன்றுமே வரவில்லை. அதனால் நிலை இன்னும் வரவில்லை என்று நம்பி நடந்தேன்.

என் இடது கையின் இரண்டு விரல், தேக்கு அலமாரிக்கும் தேக்கு நிலைக்கும் நடுவில் சிக்கி நசுங்கியது.

நான் கத்தவில்லை. கத்தினால் மேலே இருப்பவன் பயந்து விட்டுவிடுவான். விட்டால் அலமாரி மொத்தமும் என்மேல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் திருப்பி எடுத்தேன். நிலையில் ரத்தம் கோடு போட்டது. அவரை நிமிர்ந்து பார்த்தேன். நாலடியில் நிற்கிறார். பார்த்துவிட்டார். ரத்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அலமாரியின் கதவைப் பார்த்தார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. தாடை மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது. நாங்கள் வாசலைத் தாண்டி, மூன்று படி இறங்கி, அலமாரியை லாரித் தட்டில் வைக்கிறவரை அப்படியே நின்றார்.

உள்ளேயிருந்து "கட்" என்று கேட்டது. அடுத்த நொடி அவர் ஓடிவந்தார். கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

"எந்த விரல்? காட்டு. காட்டுடா!"

"ரெண்டு."

"கத்தியிருக்கலாம்ல நீ?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

அவர் என் கையைத் தன் வெள்ளைச் சட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு லாரித் தட்டில் உட்கார்ந்து அழுதார். அதை யாரும் படமெடுக்கவில்லை. அண்ணி தண்ணீர் ஊற்றிக் கழுவி, தலையில் கட்டியிருந்த துணியைக் கிழித்துக் கட்டினார். டைரக்டர் வாசலுக்கு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சேனல் அம்மா.

"நிலையைத் துடைச்சிடாதீங்க" என்றார் சேனல் அம்மா. "இந்த ஷாட்டையே வச்சுக்குவோம். இவருக்கு இன்னும் ஆறு வெள்ளைச் சட்டை தைக்கணும்."

ஆஸ்பத்திரியில் என் விரலுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது மணி ஐந்தரை. அண்ணன் வராந்தாவில் நின்று மேஸ்திரியோடு பேசினார்.

"மேஸ்திரி, நாற்காலி எனக்கு வேணாம்."

போனில் மேஸ்திரியின் குரல் எனக்கே கேட்டது. "யோசிச்சுத்தான் சொல்றியாடா?"

"நல்லா யோசிச்சுத்தான். இன்னொரு விஷயம். நம்ம தம்பிக்கு ரெண்டு விரல் நசுங்கிடுச்சு. ஒரு மாசத்துக்குத் தூக்க முடியாது. அவனை அதுல உக்கார வைங்க."

"அவனா? அவனுக்கு வாயே கிடையாதேடா. ஆளுங்களை எப்படி மேய்ப்பான்?"

"பின்பக்கமாவே நடந்தவன் மேஸ்திரி. எவன் சரியா தூக்குறான், எவன் ஏமாத்துறான்னு பிடியிலயே கண்டுபிடிச்சிடுவான். நான் சொல்றேன், உக்கார வைங்க."

ஒரு மாதத்துக்கென்று உட்கார்ந்தேன். ஐந்து வருடம் ஆகிறது. மின்விசிறி கொஞ்சம் சத்தம் போடும், மற்றபடி குறையில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு மூன்றாவது வாரம் தொடர் வந்தது. எட்டு மணிக்கு அண்ணன் வீட்டில் கூடினோம். பெரியம்மா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் தரையில் அண்ணன், பக்கத்தில் நான் கட்டுப்போட்ட கையோடு, அண்ணி கதவோரத்தில். முதல் பத்து நிமிடம் மருமகள்கள் சண்டை. பிறகு அந்தப் படி. அலமாரி இறங்கியது. கேமரா என் முதுகைக் காட்டியது, நிலையைக் காட்டியது, விரல் நசுங்கியதைக் காட்டியது. அப்புறம் ஐயாவின் முகம்.

பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இழுப்பையும் மறந்துவிட்டார்.

"அடப்பாவி! பாருடி, பாரு! ரத்தம் கொட்டுது, கல்லு மாதிரி நிக்கிறானே! ஒரு கை கொடுத்தா இவன் சொத்து குறைஞ்சா போயிடும்? பொண்டாட்டி செத்த துக்கம் மூஞ்சியில தெரியுதா பாரு! பணக்காரத் திமிரு. இவனெல்லாம் ஒரு நாள் ஒரு வாளித் தண்ணி தூக்கியிருப்பானா?"

அண்ணி என்னைப் பார்த்தார். அண்ணன் திரும்பவில்லை. கட்டில் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, அந்தத் தண்ணிச் சொம்பை எடுங்க" என்றார் பெரியம்மா, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல். "இவனைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்குது."

அண்ணன் எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார். பெரியம்மா வாங்கிக் குடித்துவிட்டு, திரையில் நின்றவனை இன்னும் இரண்டு வார்த்தை திட்டினார். எனக்கும் அவன்மேல் கோபமாகத்தான் இருந்தது.